இருநூறு வருஷத்து மருந்து

தச்சரின் மனைவி கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது அத்தை கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை கிளிப் டப்பாவை ஏந்தி நின்றார். வேண்டாம் என்று அத்தை எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவர் கேட்கிற ஆளில்லை.

"என் வீட்டுக்காரரைப் பிடிச்சு உள்ள வச்சுட்டாங்கம்மா. அவர் மாட்டிட்டு வந்த துப்பாக்கி வெடிச்சு ஒருத்தருக்குக் குண்டு பாஞ்சிருச்சாம்."

டப்பா கீழே விழுந்து கிளிப்புகள் நாலாபக்கமும் சிதறின. "துப்பாக்கியா?" என்றார் மாப்பிள்ளை. தச்சருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அத்தை போலீஸ் பரிசோதனைக்கூடத்தில் துப்பாக்கிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. மாப்பிள்ளை கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். இப்படி ஒரு விவகாரம் வந்துவிட்டால் படிக்க வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு அத்தைக்கு வண்டி ஓட்டக் கிளம்பிவிடுவார். யாராவது அழுதால் உடனே நம்பிவிடுவார். அத்தை யாரையும் நம்பமாட்டார், அழுகிறவர்களை இன்னும் கொஞ்சம் குறைவாக.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஊரில் பெரிய வீடு ஒன்று. அதில் அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருக்கிறார்கள். அண்ணன்காரரிடம் இரண்டு சக்கிமுக்கித் துப்பாக்கிகள். தோட்டா போட்டுச் சுடுகிற வகை இல்லை. குழலில் மருந்தும் குண்டும் இடித்து நிரப்பி, சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும் பொறியால் வெடிக்க வைக்கிற பழைய காலத்து வகை. சுவரில் தொங்குவது கடையில் வாங்கிய பொம்மை. அலமாரியில் பூட்டி வைத்திருப்பது பரம்பரைச் சொத்து. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விருந்தாளி வந்தால் அண்ணன்காரர் பொம்மையை எடுத்து யார் மீதாவது நீட்டி, 'டிக்' என்று விசையை இழுத்துச் சிரிப்பார்.

"போன வாரம் சுவர்லயும் அலமாரிக்குள்ளயும் துப்பாக்கி வைக்கக் கண்ணாடிப் பெட்டி மாட்ட என் வீட்டுக்காரர் போனாரு. அந்த வீட்டுக்குள்ள அன்னைக்குத்தான் முதல் தடவை. அண்ணன்காரரு வேலைக்குப் போயிருந்தாரு. அவர் சம்சாரம்தான் அலமாரியைத் திறந்து விட்டாங்க. ரெண்டையும் இறக்கி வச்சு, பெட்டியை மாட்டி, அதது இடத்துல வச்சுட்டு, அவரு வர்றதுக்கு முன்னாடியே இவர் வீட்டுக்கு வந்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல அவரு வழக்கம்போல எடுத்துத் தம்பி மேல நீட்டியிருக்காரு. வெடிச்சிருச்சு."

"பொம்மையா வெடிச்சுது?"

"அசலாம்மா. அவங்க முப்பாட்டன் காலத்துலயே மருந்து போட்டு, இருநூறு வருஷமா அப்படியே கிடந்ததாம். பின்னாடி திருடிட்டுப் போறதுக்காக இவர்தான் அசலையும் பொம்மையையும் மாத்தி வச்சாருன்னு எழுதிட்டாங்க. தம்பிக்காரரு தோள்ல கட்டோட வீட்டுக்கு வந்துட்டாராம். இவரைப் பார்க்கத்தான் விடமாட்டேங்கறாங்க."

அத்தை ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டார். "உங்க வீட்டுக்காரர் மறதிக்காரரா?"

"உளியை மாத்தி வச்சா என்னையே வீட்டை விட்டு விரட்டுவாரு."

"மாப்பிள்ளை, ஆய்வாளருக்கு ஒரு போன் போடுங்க. வெடிச்ச துப்பாக்கியை அந்த வீட்டுக்கே எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ஆய்வாளர் ஒருகாலத்தில் அத்தையிடம் பாடம் கேட்டவர். மறுபேச்சுப் பேசாமல் வந்தார்.

அந்த வீட்டு வாசலில் செருப்பு அலமாரி இருந்தது. ஷூவைக் கழற்றக் குனிந்த மாப்பிள்ளை, பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி பூட்ஸைப் பார்த்தார். இடது பூட்ஸில் நாடாவுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஒரு மூலை சதுரமாக வெட்டுப்பட்டுக் காணாமல் போயிருந்தது.

"இந்த வீட்டு எலி ஸ்கேல் வச்சுக் கடிக்குது அத்தை" என்றார் மெதுவாக.

அத்தை சிரிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் அண்ணன்காரர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தடித்த ஆள், சன்னக் குரல். தோளோடு கையைக் கட்டிய தம்பிக்காரர் சோபாவில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். அண்ணி எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தச்சரின் மனைவி கதவோரமாக நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அத்தை தனக்குப் போட்ட நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணன் மேல தப்பே இல்லைம்மா. விளையாட்டுக்குத்தான் நீட்டினாரு" என்று தம்பிக்காரரே பேச்சைத் தொடங்கினார்.

"எங்கப்பா தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்காரு" என்றார் அண்ணன்காரர். "அசல்ல மருந்து இருக்கு, தொடாதடான்னு. நானும் தொட்டதில்லை. அந்தத் தச்சன் பண்ணின வேலை இது."

ஆய்வாளர் துணியைப் பிரித்தார். துருவேறி, கறுத்து, பார்க்கவே பயமாக இருந்தது அது. இருநூறு வருஷம் இல்லை, ஐந்நூறு என்று சொன்னாலும் மாப்பிள்ளை நம்பியிருப்பார்.

அத்தை முதலில் கல்லைக் கவ்வும் தாடையைத் தளர்த்தினார். கல் வழுக்காமல் இருக்க அதைச் சுற்றி மடித்திருந்த தோல் துண்டை இடுக்கியால் எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். அடுத்து திருப்புளியால் ஒரே அளவான இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். இதை அதன் ஓட்டையிலும் அதை இதன் ஓட்டையிலும் வைத்துத் திருகினார். இரண்டும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கின.

"பார்த்தீங்களா?"

"என்னத்தை?" என்றார் ஆய்வாளர்.

"அந்தக் காலத்துல ஸ்க்ரூவுல சுத்திச் சுத்திப் போற மரையைக் கையாலதான் வெட்டினாங்க. ஒரு ஸ்க்ரூ அதோட ஓட்டைக்குத்தான் போகும். பக்கத்து ஓட்டைல வச்சா முரண்டு பிடிக்கும். இது ரெண்டும் இடம் மாறிப் போயும் சுகமா உட்காருது. மிஷின்ல வெட்டின மரை." பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். "உள்பக்கம் பாருங்க, அரம் தேய்ச்ச கோடு ஒண்ணுகூட இல்லை. வட்டம் வட்டமா கட்டர் சுத்தின தடம். பிடியோட அடியில பித்தளை மூடியைத் தடவுங்க. மரம் காலப்போக்குல சுருங்கும், பித்தளை சுருங்காது. பழசா இருந்தா மூடியோட விளிம்பு விரல்ல தட்டும். இங்க தட்டலை. துருவும் கை படற இடம், படாத இடம் எல்லாத்துலயும் ஒரே மாதிரி. ஆசிட் ஊத்தின துரு."

மாப்பிள்ளைக்கு வாய் மூடவில்லை. "அப்படின்னா அத்தை, இதுவும் போலியா?"

"இதுவும் போலிதான். சுவர்ல இருந்தது வெடிக்காத போலி. இது வெடிக்கிற போலி. நம்ம காலத்துல செஞ்சதாக்கூட இருக்கலாம்."

அண்ணன்காரர் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "என்ன உளறல் இது! எங்கப்பா என் கையில கொடுத்தது. இது அசல்! அசல்!"

"உட்காருங்க. இது அசலா இல்லைன்னா, உங்க முப்பாட்டன் இதுக்குள்ள எப்படி மருந்து போட்டாரு?"

தம்பிக்காரர் தலையணையை விட்டு நிமிர்ந்தார். எதிரில் இருக்கிறவர்களில் ஒருவர்தான் இதைச் செய்திருக்கவேண்டும் என்று மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது.

"மருந்து போட்டது உயிரோட இருக்கிற யாரோ" என்றார் அத்தை. "தச்சரா? ஆய்வாளரே, வாசல்ல பழுப்பு பூட்ஸ் இருக்கு. இடது காலோடதை எடுத்துட்டு வாங்க."

பூட்ஸ் வந்தது. அத்தை அதன் நாக்கை வெளியே இழுத்துத் தாளில் இருந்த தோலை அறுந்த மூலையில் வைத்தார். வெட்டு வெட்டோடு ஒட்டிக்கொண்டது. நாக்கின் ஓரத்துத் தையல் அறுபடாத கோடுபோலத் துண்டிலும் தொடர்ந்தது.

"யாரோட பூட்ஸ்மா இது?"

அண்ணி கணவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இவரோடது. தினம் இதைத்தான் போட்டுட்டு வேலைக்குப் போவாரு."

"தச்சர் வந்த அன்னைக்கும்?"

"அன்னைக்கும்."

"தச்சர் இந்த வீட்டுக்கு வந்தது ஒரே தடவை. அவர் இங்க இருந்தப்ப இந்த பூட்ஸ் உங்க கால்ல இருந்துச்சு, நீங்க வேலையில இருந்தீங்க" என்று அத்தை அண்ணன்காரரைப் பார்த்துச் சொன்னார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "கல்லு வழுக்காம இருக்கத் தோல் வேணும். நாடா கட்டினா நாக்கு வெளிய தெரியாதுன்னு அதுல வெட்டிட்டீங்க. மருந்து போட்டு வச்சு, பழி போட ஒருத்தர் வர்ற நாளுக்காகக் காத்திருந்தீங்க. அவர் போனதும் ரெண்டையும் மாத்தி வச்சீங்க. போலின்னு தெரிஞ்சிருந்தா முப்பாட்டன் கதையைச் சொல்லியிருக்கவே மாட்டீங்க. அசல்ங்கற கர்வம்தான் உங்களைக் காட்டிக்கொடுத்துச்சு. தம்பி, இந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

"ரெண்டு பேர் பேர்லயும்" என்றார் தம்பிக்காரர். உதடு மட்டும்தான் அசைந்தது. "விக்கணும்னு கேட்டாரு. நான் மாட்டேன்னேன். அதுக்காகவா அண்ணா? கூடப் பொறந்தவனையா?"

அண்ணன்காரர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. கழற்றிக் கிடந்த ஸ்க்ரூக்களையே வெறித்துக்கொண்டிருந்தார். "அப்பா என்னை ஏமாத்த மாட்டாரு. மாட்டாரு."

தம்பிக்காரர் அண்ணனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார். "ஏமாத்தலை. உனக்கு எதைக் கொடுத்தாலும் நாலு பேர் மேல நீட்டி விளையாடுவே, ஒருநாள் விபரீதமாகும்னு பயந்தாரு. அதான் அதே மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லி, மருந்து போடாம உன்கிட்ட கொடுத்தாரு. அசல் என் அறையில இருக்கு. நீ தாங்கமாட்டேன்னு என்னையும் சொல்லவேண்டாம்னாரு."

அண்ணி ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன்காரரின் கண்கள் தம்பியின் அறைக் கதவுப் பக்கம் திரும்பின.

"ஒரு தடவை பார்க்கட்டுமாடா?" என்று கேட்டார். "கையில எடுத்து, ஒரே ஒரு தடவை?"

மாப்பிள்ளை எத்தனையோ திருட்டையும் புரட்டையும் அத்தையோடு பார்த்தவர். இப்படி ஒரு கேள்வி அவர் காதில் விழுந்ததில்லை. தம்பிக்காரர் முகத்தைச் சோபா பக்கம் திருப்பிக்கொண்டார். ஆய்வாளர் அண்ணன்காரரின் கையைப் பிடித்தார். அப்போதும் அவர் கழுத்தை வளைத்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் தச்சர் காவல் நிலையப் படியில் இறங்கி வந்தார். தாடி மண்டியிருந்தது, சட்டையில் பொத்தான் இல்லை. மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அந்தத் தம்பி பொழைச்சிட்டாரா?" என்றார் தச்சர். "இங்க யாருமே சொல்லமாட்டேங்கறாங்க."

"பொழைச்சிட்டாரு" என்றாள் அவள். அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.