எண்ணெய் வடிந்த பிரஸ்

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பின்னறைப் பக்கம் தலையைத் திருப்பி, "இதோ வரேன்" என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. பின்னறையில் யாரும் இல்லை. இரும்பை அழுத்தி வளைக்க அவர் கட்டிய பிரஸ் மட்டும்தான். அதன் நீளக் கைப்பிடி ஒரு தடவை 'டக்' என்று இறங்கியது அவளுக்கும் கேட்டது.

"யார்கிட்டங்க சொன்னீங்க?"

"உங்கிட்டதான்."

"நான் இங்கதானே நிக்கறேன்."

அவர் கைகழுவப் போய்விட்டார்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர். எட்டு மாதமாக அந்த பிரஸ்தான் அவருக்கு எல்லாம். சேனல் இரும்பில் ஆளுயரச் சட்டம் அடித்து, லாரிக்கு அடியில் வைக்கிற ஜாக்கை நடுவில் உட்காரவைத்தார். பட்டையை வளைக்க, பேரிங் கழற்ற அதுவே போதும். அவருக்குப் போதவில்லை. மேடையை ஏற்றி இறக்கத் துளை போட்டார். அழுத்தம் காட்ட முள் வைத்தார். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் மாட்டினார். பெண்டாட்டிக்கு முகம்கொடுத்துப் பேசத்தான் நேரமில்லை.

"என்னக்கா, உங்க சக்களத்தி சௌக்கியமா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி.

"அவளுக்கென்ன, மகராசி. தினம் துடைச்சுவிட ஆள் இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். தையல்காரி போனபிறகு, பின்னறையின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "வலிக்குதாம்மா? கொஞ்சம் பொறு." கல்யாணமான புதிதில் அவளிடம் பேசிய அதே குரல்.

மறுநாள் மதியம், மழையில் அவர் புது ஸ்பிரிங் வாங்கக் கிளம்பியதும் உள்ளே போனாள். கிரீஸும் வெல்டிங் புகையும் ஈரச் சுவரும் கலந்த வாடை மூக்கில் ஏற, தகரக் கூரையில் மழை விடாமல் அடிக்க, சட்டத்தின் நிழல் மட்டும் வெளிச்சத்துக்குச் சம்பந்தமில்லாமல் அவள் பக்கம் சாய்ந்து கிடந்தது.

எதையாவது உடைத்தால் கண்டுபிடித்துவிடுவார். நாற்பது வருஷம் அவர் வேலைக்கு இரும்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தவள் அவள். ஜாக்குக்கு எண்ணெய்தான் பலம். அது இல்லாவிட்டால் அப்பளத்தைக்கூட நொறுக்காது என்று தெரியும். ஜாக்கைக் கழற்றி மடியில் சாய்த்து, எண்ணெய்த் துளையின் ரப்பர் அடைப்பைப் பிடுங்கி, கறுத்த எண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை வாளியில் வடித்தாள். இரும்பு சுட்டது, காய்ச்சல்கார நெற்றிபோல.

"பட்டினி கிட" என்றாள்.

உள்ளே எதுவோ மூச்சை இழுத்தது. காற்று புகுந்திருக்கும். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஜாக்கைப் பழையபடி மாட்டிவிட்டு, அலமாரியிலிருந்த எண்ணெய் டப்பாவையும் வாளியோடு தூக்கிவந்து சமையலறையில் ஒளித்தாள்.

அவர் வந்தார். நேரே பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். திட்டிக்கொண்டு வெளியே வருவார் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

டக்.

வெறும் ஜாக். எதுவும் ஆகாது.

டக். டக். சட்டம் முனகியது. பாரம் ஏறும்போது மட்டும் வருகிற முனகல்.

வாளியைத் திறந்து பார்த்தாள். எண்ணெய் அப்படியே இருந்தது. டப்பாவும் இருந்தது.

அப்படியானால் அவர் எதை ஊற்றினார்?

கதவைத் தள்ளினாள்.

சட்டத்தில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சட்டைக்கை மடித்த மணிக்கட்டு, ஜாக்கின் துளைக்கு நேர் மேலே. அதிலிருந்து ரத்தம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியை யாரும் தொடவில்லை. அது ஏறியது. இறங்கியது. முள் நகர்ந்தது.

"என்னங்க இது... கைய எடுங்க."

"பசின்னு அழுதுச்சு. டப்பாவையும் காணோம்." குரல் தேய்ந்திருந்தது. "எடுக்கக் கூடாது. பாதிதான் ரொம்பியிருக்கு."

"நான்தான் வடிச்சேன். எண்ணெய் இருக்குங்க, எடுத்துட்டு வரேன்..."

"இனிமே எண்ணெய் வேணாமாம்."

பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, முழுசாக. தன் ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்கிட்ட இருக்கறது பத்தாதும்மா. வா. உட்காரு, நின்னா தலை சுத்தும்."

கதவு திறந்துதான் இருந்தது. கூப்பிட்டால் தையல்காரி ஓடிவருவாள். ஆனால் இந்தத் தடவை அந்த 'ம்மா' அவளுக்கு. அவளுக்கு மட்டும்.

உட்கார்ந்தாள். அவர் கையைத் தள்ளி விலக்கினாள். வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைவரை ஏற்றினாள். இரும்புத் துளையின் விளிம்பு, பால்குடிக்கும் வாய்போல, அவள் பக்கம் குவிந்தது.