போலி அறையில் ஒரு நாற்காலி

அந்த அறையில் நாற்காலி எப்போதும் மேசையோடு ஒட்டியே இருக்கும். இன்று யாரோ உட்காருவதற்காக இழுத்துப் போட்டதுபோல் வெளியே கிடந்தது.

ஷாமினி திரையை முறைத்தாள். அது உண்மையான அறை இல்லை. செயலி எழுதுகிறவர்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலி போனை ஓட்டி, அதில்தான் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தப் போனின் கேமராவைத் திறந்தால் ஒரு போலி அறை தெரியும்: ஒரு டிவி, ஒரு மேசை, ஒரு நாற்காலி. பொம்மை வீடு. அங்கே ஆளும் கிடையாது, எதுவும் நகரவும் நகராது.

"சனியன் புடிச்ச லேப்டாப்," என்றாள் வாய்விட்டு.

அவளுடைய கோபமெல்லாம் கணவன் விமலன் மேல்தான். என்ன லேப்டாப் வேண்டும் என்று அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். போலி போன் திணறாமல் ஓட மெமரி நிறைய வேண்டும், ப்ராசசர் புதிதாக இருக்க வேண்டும், ஸ்க்ரீன் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அவன் ஃபுட்பால் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். கடைசியில், பிரிக்ஃபீல்ட்ஸில் கூட்டாளியின் கடையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழையதை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"ஸ்க்ரீன் பெருசு லா. எல்லாம் ஒன்னுதானே மா. டைப்தானே பண்ணப் போற?"

டைப்தானே! கிள்ளானில் ஓர் அரிசி மொத்த வியாபாரி, மூட்டைக்கு நேராகப் போனைக் காட்டினால் இருப்பு தெரிகிற மாதிரி ஒரு செயலி கேட்டிருந்தார். அவளுடைய முதல் வாடிக்கையாளர். வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டால் வீட்டிலிருந்தே பிழைத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் மறுபடியும் சைபர்ஜெயா கால் சென்டர், முகம் தெரியாதவர்கள் திட்டத் திட்ட சாரி சொல்லும் வேலை.

அவர்கள் குடியிருந்த செந்தூல் மேல் மாலை மழை கொட்டியது. ஃப்ளாட்டுக்குப் பின்னால் கொமுட்டர் ரயில் தண்டவாளத்தை உரசிக்கொண்டு போனது, பக்கத்து வீட்டில் சம்பல் வதக்கும் நெடி கதவிடுக்கில் நுழைந்தது, லேப்டாப்பின் காற்றாடி தொண்டை கட்டிய ஆள் கத்துவதுபோல் இரைந்தது, கீபோர்டு சூடாக ஆக அதிலிருந்து யாரோ தலைக்குத் தேய்த்த மல்லிகை எண்ணெயின் வாசம் எழுந்து அவள் விரல்களில் ஒட்டியது. அவள் மல்லிகை எண்ணெய் தேய்ப்பதே இல்லை.

போலி போனை அணைத்து மறுபடி ஓட்டினாள். அறை மெல்ல வந்தது. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. கிளிப் போட்டுத் தூக்கிய கூந்தல். அவள் முன்னால் ஒரு லேப்டாப் திறந்திருந்தது.

கதவைத் திறந்துகொண்டு விமலன் நனைந்தபடி உள்ளே வந்தான். நேரே சோபாவில் சாய்ந்து டிவியைப் போட்டான்.

"இங்க வந்து பாருங்க. இதுக்குள்ள ஒரு பொம்பள உக்காந்திருக்கா."

"வைரஸா இருக்கும் லா. மொதல்ல அந்த சத்தத்த கொறை. நியூஸ் கேக்க முடியல."

"விமல், நான் சொல்றத ஒரு தடவையாச்சும் காதுல வாங்குங்க!"

அவன் திரும்பவில்லை. ஷாமினி பயத்தில் பாதியும் ஆத்திரத்தில் பாதியுமாகத் திரையை இழுத்துக் கிட்டத்தில் வைத்தாள். கேமராக் காட்சியைப் பெரிதாக்கினாள். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக அவளுடைய லேப்டாப் திரை தெரிந்தது. திரையில் ஒரு முகம். ஷாமினியின் முகம். ஷாமினி கையைத் தூக்கினாள். அங்கேயும் கை உயர்ந்தது.

அந்தப் பெண் இவ்வளவு நாளும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

லேப்டாப்பை மூடிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டது.

"என்னடி பாக்குற? எழுந்திரிடி அங்கிருந்து!"

இடி. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

அந்தப் பெண் எழுந்தாள்.

மழை நின்றது. ரயில் இல்லை. சம்பல் நெடி இல்லை. எந்த வாசமும் இல்லை.

ஷாமினி மேசையைத் தொட்டாள். குளிரவும் இல்லை, சுடவும் இல்லை. எதிரே அந்தப் போலி அறையின் அணைந்த டிவி. தொட்டால் தட்டையான சுவர். கதவு இல்லை.

மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. அதில் அவள் வீட்டு ஹால். அவள் நாற்காலியில் ஷாமினியின் முகத்தோடு ஒருத்தி, கூந்தலில் கிளிப். பின்னால் சோபாவில் விமலன்.

"விமல்! விமல்! நான் இங்க இருக்கேன்! விமல்!"

அவன் திரும்பினான். நேராக அவளைப் பார்த்தான். கேட்டுவிட்டது. கடைசியில் கேட்டுவிட்டது!

"என்னம்மா, இன்னும் ஜாஸ்தியா கத்துது இந்த லேப்டாப்?"

"பழசுதானே," என்றாள் அவள், ஷாமினியின் குரலில்.

"சரி லா, உம் பேச்ச நான் கேட்டிருக்கணும். நாளைக்கு நீ சொன்னதையே வாங்கிடலாம். இத பிரிக்ஃபீல்ட்ஸ்லயே திருப்பிக் குடுத்துடறேன்."

ஷாமினி கத்தினாள். அங்கே காற்றாடி இன்னும் பலமாக இரைந்தது. விமலன் முகத்தைச் சுளித்தான்.

திரையில் இருந்தவள் புன்னகைத்தாள். கை நீண்டது.

லேப்டாப்பின் மூடி மேலிருந்து இறங்கத் தொடங்கியது. முதலில் ஹாலின் விளக்கு மறைந்தது. பிறகு விமலன். பிறகு ஷாமினியின் சொந்த முகம். கடைசியாக மேசை விளிம்பில் வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது, அந்தக் கோட்டில் ஷாமினியின் விரல்கள் மட்டும்.