வலப்பக்கத்துக் கன்றுகள்

தானா ராத்தா மலையூரில் மூடுபனிக்குக் கூச்சமே கிடையாது. கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்று காலை நீலாவதியின் தையல் கடைக்குள் அது நுழைந்தபோது கூடவே தேயிலைத் தோட்டத்து இராசம்மாவும் நுழைந்தாள், வந்ததும் அழுதுவிட்டாள்.

“அக்கா, என் வீட்டுக்காரர ஜாகா வேலைய விட்டு நிப்பாட்டப் போறாங்க. காவல் வேலை போனா லயத்து வீடும் போயிரும். நாங்க எங்க போறது?”

மூலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த தங்கராஜு துள்ளி எழுந்தான். நீலாவதியின் தம்பி, திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். தொலைந்த நகையையும் ஓடிப்போன மாப்பிள்ளையையும் அக்காள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று மலை முழுக்கப் பேர். இவனோ, துப்பு என்று சொன்னால் போதும், முட்டைக்கோசை லோரியிலேயே வாடவிட்டு வந்துவிடுவான்.

விஷயம் இதுதான். பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று ரேடியோவில் சொல்ல ஆரம்பித்திருந்த 1989ஆம் வருஷம் அது. எங்கோ வெளிநாட்டில் கரி எரித்து மின்சாரம் எடுக்கும் கம்பெனி ஒன்று, தான் விடும் புகைக்கு ஈடாகத் தோட்டத்து மொட்டைச் சரிவில் காட்டு மரங்கள் நட்டது. அங்கே விடும் புகையை இங்கே மரம் குடிக்குமாம்! லயத்துச் சனம் முதலில் சிரித்தது. கன்றுகள் இடுப்புயரம் வந்ததும் எல்லாருக்கும் அவற்றின் மேல் ஆசை வந்துவிட்டது. காவலுக்கு இராசம்மாவின் புருஷன் மாடசாமி. இப்போது கன்றுகளின் நுனிக்கொழுந்து காணாமல் போகிறது. நுனி போனால் மரம் உயராது, புதராகிவிடும். கம்பெனிக்காரர்களோ உயரம் அளக்க வரப்போகிறார்கள்.

“எங்க ஆடு மேய்ஞ்சிருச்சுன்னு தோட்டத்த மேற்பார்வை பாக்குற கிராணி சொல்றாரு. இவரும் ‘ஆமா, என் ஆடுதான்’னு ஒத்துக்கிட்டாருக்கா! அந்த ஆடுங்கள கட்டுறதே நான்தான். ஒரு நாளும் கயிறு அவுந்ததில்ல.”

தையல் மெஷின் நின்றது. “செய்யாத ஆட்டு மேல அவரே ஏன் பழி போடுறாரு?” என்றாள் நீலாவதி மெதுவாக. “நீ அங்க போறதுண்டா?”

“விடியக்காலம் கோப்பி கொண்டுபோவேன். அப்படியே மேல் ரோட்டு வழியா கொழுந்துக்குப் போயிருவேன்.”

“கையாலயா எடுக்கிற?”

“இப்ப ஏதுக்கா கை? எல்லாம் கத்திரிதான்.” இராசம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பழைய தேயிலைக் கறை இன்னும் கட்டைவிரல் நகத்தில் இருந்தது. “சின்னப் புள்ளையிலேருந்து நெரை புடிச்சுக் கொழுந்தெடுத்தவ நான். ஹ்ம்.”

மத்தியானம் லோரி சரிவின் அடியில் நின்றது. பாதை நடுவே ஏற, இரு பக்கமும் கன்றுகள் பனிக்குள் மங்கிக்கொண்டே போயின. மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தங்கராஜுவுக்குத் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது.

“அக்கா, இது பக்கத்துக் கோசுத் தோட்டக்காரர் செல்லையா வேலைதான்லா! இந்த நெலத்துல கோசு போடணும்னு கேட்டு, கெடைக்கலன்னு கறுவிக்கிட்டு இருக்காரு.”

நீலாவதி கன்றுகளைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். ஏறும்போது வலப்பக்கம் வரும் கன்றுகளில்தான் நுனி போயிருந்தது. இடப்பக்கம் ஒன்றுகூடத் தொடப்படவில்லை. பாதையில் விளக்குமாற்றுக் கோடுகள். வலப்பக்கப் புல்லுக்குள் கை விட்டவள், வாடிய கொழுந்துகள் சிலவற்றை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் விடியலில் மேலே காவல் குடிசையில் எல்லாரையும் கூட்டினாள். கிராணி சுப்பிரமணியம் குளிரில் கோட்டைக் கட்டிப்பிடித்து நின்றார். பக்கத்துத் தோட்டக்காரர் செல்லையா முறைத்தார். மாடசாமி தலை நிமிரவே இல்லை.

“ஆடு கடிச்சா நாரு தொங்கும், எலையையும் விடாது. கத்திரின்னா வெட்டு நேரா இருக்கும். இது நகத்தால ஒடிச்சது,” என்றாள் நீலாவதி. “செல்லையா அண்ணனுக்கு ஆத்திரம்னா வேரோட புடுங்கியிருப்பாரு.”

“பின்ன? நுனி கிள்ளிக்கிட்டா நிப்பேன்?”

“ஒரு பக்கம் மட்டும் ஏன்? ஏறி வர்ற ஆளோட இடது கையில சாமான் இருக்கு. வலது கைதான் சும்மா இருக்கு. ஒடிச்சத எடுத்துட்டும் போகல. தோளுக்குப் பின்னால போட்டிருக்கு. அங்க கொழுந்துக் கூடை இருக்குன்னு அந்தக் கைக்கு நெனப்பு. பாதையில விழுந்தத மட்டும் யாரோ தினம் கூட்டி மறைக்கிறாங்க.”

மாடசாமி கைகூப்பினார். “ஆடுதாம்மா. கிராணியாரே, ஆடுன்னே துரைகிட்ட சொல்லிருங்க.”

குற்றவாளி யார் யார் என்று பறந்த தங்கராஜு, “அக்கா, போதும்க்கா” என்றான்.

அதற்குள் பனிக்குள்ளிருந்து இராசம்மா வந்துகொண்டிருந்தாள். இடது கையில் கோப்பித் தூக்கு. கண் எங்கோ இருந்தது; முகத்தில் சிரிப்பு. வலது கை தானாகப் போய் ஒரு நுனியைக் கிள்ளியது, தோளுக்குப் பின்னால் போட்டது, அடுத்த கன்றுக்குப் போனது.

“என்ன, எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?”

நீலாவதி அவள் வலது கையைப் பிடித்து விரல்களை விரித்தாள். உள்ளே ஒரு கொழுந்து. இராசம்மா அதைப் பார்த்தாள். திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள்.

“ஐயோ... நானா?” புருஷன் பக்கம் பாய்ந்தாள். “தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? சொல்றதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?”

“கத்திரி வந்ததுலேருந்து நீ சிரிச்சு நான் பாக்கல புள்ள,” என்றார் மாடசாமி. “இந்தப் பாதையில வர்றப்பதான் சிரிச்சுக்கிட்டு வர்ற. அத எப்படி நிப்பாட்டச் சொல்றது?”

கிராணி ரொம்ப நேரம் இருமினார். “ஆடு இல்லன்னு துரைகிட்ட நான் பேசிக்கிறேன். பக்கத்துக் கிளைய நிமித்திக் கட்டுனா கன்னு மேல ஏறிரும்லா. ஜாகா வேலை மாடசாமிக்குத்தான். ஆனா இனிமே...” அவர் பார்வை இராசம்மாவின் வலது கையில் போய் நின்றது.

அடுத்த நாள் கோசு ஏற்றப் போகும் வழியில் தங்கராஜு லோரியை நிறுத்திப் பார்த்தான். மாடசாமி சரிவின் அடிவரைக்கும் இறங்கி வந்து காத்திருந்தார். தூக்கோடு வந்த இராசம்மாவுக்கு வலப்பக்கமாகப் போய், சும்மா இருந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க, லோரிக்காரத் தம்பி பாக்குது.”

“பாக்கட்டும்லா.”

இருவரும் கன்றுகளுக்கு நடுவே பனிக்குள் ஏறிப் போனார்கள். அவள் சிரித்தது லோரிவரைக்கும் கேட்டது.