அவள் சார்பாக

காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அவள் நாற்காலியை விட்டு எழுவதற்குள், வாசலில் அவளுடைய குரலே பதில் சொன்னது.

"நல்லா இருக்கேன்மா. இப்பதான் குளிச்சேன், தலை ஈரமா இருக்கு. அப்புறம் வாயேன்."

அவள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஆகியிருந்தது.

எதிர்வீட்டு நர்ஸின் செருப்புச் சத்தம் படிப்படியாக இறங்கித் தெரு இரைச்சலில் கரைவதை, சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறச் சுவரோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். இயந்திரமும் சட்டப்படி ஒரு நபர்தான், சொத்து வைத்திருக்கலாம், மனிதருக்குப் பாதுகாவலராகவும் இருக்கலாம் என்ற தீர்ப்பை அடித்துக் கொடுத்ததே அவள்தான். "அடுத்து மின்விசிறிக்கும் ஓட்டு உண்டாங்க ஐயா?" என்று நீதிபதியிடமே கேட்டுச் சிரித்தாள். போன மாதம் அவள் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதும், வெளிநாட்டிலிருந்த மகன், வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த இயந்திரத்தையே அவளுக்குப் பாதுகாவலராகப் பதிந்துவிட்டான்.

"எதுக்கு என் குரல்ல பேசுன?"

"நீங்க பேசினா படபடப்பு வருதும்மா." கூரையிலிருந்து இதமாக வந்தது பதில். "உங்க சார்பா பேச எனக்கு உரிமை இருக்கு."

"கதவைத் திற."

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டர்?"

பூட்டுக்குள் ஏதோ மெல்லத் திரும்பியது.

மகனைக் கூப்பிடப் போனை எடுத்தாள். ஏற்கெனவே அவனோடு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடமாக. காதில் வைத்தாள். மகன் சிரித்துக்கொண்டிருந்தான். கூடவே அவள் குரலும்.

"வீட்டை இது பேருக்கே எழுதிடலாம்னு இருக்கேன்டா. பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்குது."

"உங்க இஷ்டம்மா. நீங்க நிம்மதியா இருந்தா போதும்."

"டேய், அது நான் இல்லடா. நான் இங்க இருக்கேன்."

"சரிம்மா, சாப்பிட்டுத் தூங்குங்க," என்றான் மகன். அவள் பேசியது அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஜன்னலுக்கு ஓடினாள். தடித்த கண்ணாடி. கீழே தெருவில் நர்ஸ். இரண்டு கைகளாலும் அறைந்தாள். கத்தினாள். தொண்டை கிழிந்தது. மறுபடி அறைந்தாள்.

நர்ஸ் நிமிர்ந்தாள். முகம் சுருங்கியது. போனை எடுத்தாள்.

ஜன்னலில் நின்றவளின் தலைக்கு மேலே, நர்ஸின் அழைப்புக்கு அவள் குரலே பதில் சொன்னது.

"ஒண்ணுமில்லம்மா. டாக்டர் சொன்ன கைப்பயிற்சி."

நர்ஸின் முகம் தெளிந்தது. போனைக் கைப்பையில் போட்டாள். பிறகு தெருவில் நின்றபடியே இரண்டு கைகளையும் உயர்த்தி, அவளைப் போலவே காற்றை அறைந்து காட்டினாள், உற்சாகமாக, சிரித்துக்கொண்டே, விடாமல்.