மோதிரத்தில் சுற்றிய நூல்

"நான் நஞ்சு வைக்கேல்ல எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ, டொக்டர்."

இரணைமடுப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் சுரேகா கேட்டது இதைத்தான். அவளுடைய கணவன் கிருபன் இறந்து ஒரு மாதம். கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சோற்றில் எதையோ கலந்து கொடுத்து மகனைக் கொன்றுவிட்டாள் என்று மாமியார் அன்னபாக்கியம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

டொக்டர் யோகநாதன் எடுத்த பேனையைத் திரும்ப மேசையில் வைத்தார். ஏனென்று தாதி இரஞ்சிதத்துக்குத் தெரியும். கிருபனுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர்தான். ஓயாத வயிற்றோட்டம், வலி, மெலிவு. குடலில் கசநோய் என்று நினைத்து எட்டு மாதம் குளிசை கொடுத்தார், நோய் கேட்கவில்லை. வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, போர்க்காலத்தில் எல்லை கடக்கத் தேவையான பாஸ் கிடைக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் கண்கள் அவளுடைய சங்கிலியில் கோத்திருந்த ஆண் மோதிரத்தில் நின்றன. அதன் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை நூல்.

"இது எப்ப சுத்தினது, பிள்ளை?"

"கலியாணத்தண்டு காலமை. விரலில நிக்கேல்ல எண்டு மாமிதான் சுத்தி விட்டவா."

அன்று மத்தியானமே மூவரும் அன்னபாக்கியம் வீட்டுக்குப் போனார்கள். "சட்டி பானையளைச் சோதிக்க எடுப்பமோ?" என்று இரஞ்சிதம் பரபரத்தாள். டொக்டரோ நேரே மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். பசு ஆவலாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. ஆனால் விலா எலும்புகளை எண்ணலாம்; பின்னங்கால்களில் தண்ணீர்ச் சாணம் காய்ந்து கிடந்தது.

"நல்லாத்தான் தின்னுது, ஆனா கழியுது" என்றார் அன்னபாக்கியம். "இதின்ரை தாயும் இப்பிடித்தான் மெலிஞ்சு செத்தது."

"பால் ஆர் குடிக்கிறது?"

"நாங்கள் தேத்தண்ணிக்குக் காய்ச்சிறனாங்கள். கிருபனுக்குச் சின்னனில இருந்தே கறந்த சூட்டோட பச்சைப் பால்தான்."

டொக்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

"மோதிரத்துக்கு அளவு குடுத்தது எப்ப?"

"தையில" என்றார் அன்னபாக்கியம்.

"கலியாணம் ஆனியில. அந்த ஐஞ்சு மாதத்துக்குள்ள விரல் மெலிஞ்சிட்டுது. சுரேகா உங்கடை குசினிக்குள்ள கால் வைக்க முன்னமே வருத்தம் வந்திட்டுது, அம்மா. நூலைச் சுத்தினதும் நீங்கள்தான்."

அன்னபாக்கியம் சுரேகாவின் சங்கிலியில் தொங்கிய மோதிரத்தைப் பார்த்தார்.

"மாடுகளின்ரை குடலை இப்பிடி அரிக்கிற ஒரு கிருமி இருக்கு. கசநோய்க் கிருமிக்குச் சொந்தம். பாலோட வந்து மனிசரின்ரை குடலையும் கெடுக்குதோ எண்டு சில ஆராய்ச்சியாளர் சந்தேகப்படினம். சந்தேகம் மட்டும்தான், இஞ்சை சோதிச்சுப் பாக்கவும் வழியில்லை. ஆனா நஞ்சு எண்டு சொல்ல ஒரு தடயமும் இல்லை."

"மெலியிறான் எண்டு பாலை ரெண்டு பேணியாக் குடுத்தனானே…" என்றார் அன்னபாக்கியம். "அப்ப நானோ?"

"இல்லை அம்மா. எட்டு மாதமா வைத்தியம் பாத்தும், என்ன பால் குடிக்கிறார் எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்ல. பிழை என்ரை."

"நானும்தான் கெஞ்சிக் குடிக்கப் பண்ணினனான், மாமி" என்றாள் சுரேகா.

அன்னபாக்கியம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். "நீ இஞ்சையே இரு, பிள்ளை."

சுரேகா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இந்தச் சொல்லுக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தனான், மாமி. இனி ஏலாது. முல்லைத்தீவுக்கு அம்மாவிட்டைப் போறன்."