சாணுக்கு இரண்டு விரல் குறைவு

மூன்றாவது நாளாகத் தக்காளி நாற்றுகள் நசுங்கிக் கிடந்தன. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நந்தினியும் அபியும் பாத்தி கட்டி வளர்த்தவை. நடுவே ஒரு டயர்த் தடம்.

"வேற யாரு, ராஜ்மோகன் அங்கிள்தான்," என்றாள் நந்தினி.

ராஜ்மோகன் போன மாதம்தான் எதிர் வீட்டுக்குக் குடிவந்தார். பெரிய டேங்க், முன்னால் கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் தகரப் பெட்டி என்று யானை மாதிரி ஒரு வண்டி வைத்திருந்தார். அட்வென்ச்சர் பைக்காம். யாருடனும் அதிகம் பேசமாட்டார். சந்தேகப்பட அது போதாதா?

"செக்யூரிட்டிகிட்ட சொல்லிடலாம். இந்தப் பக்கம் வண்டியையே வுட மாட்டாங்க."

அபி தயங்கினாள். "உங்க சித்தப்பா வண்டியும் மண்ணுல போறதுதானே?"

நந்தினிக்குச் சுருக்கென்றது. சித்தப்பா பிரவின்குமார் அவள் வீட்டில்தான் இருக்கிறார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவருடையது ரோட்டிலும் மண்ணிலும் ஓடுகிற, உயரமான, ஒல்லியான டூயல் ஸ்போர்ட் பைக்.

"எங்க சித்தப்பா எறும்பு மேலகூட ஏத்த மாட்டாரு. இரு, காட்டறேன்."

தடத்தின் மேல் கை விரித்து அளந்தாள். அவள் சாணுக்கு இரண்டு விரல் குறைவு. மண்ணில் கட்டம் கட்டமாக ஆழப் பதிந்து, இடையிடையே நல்ல இடைவெளி.

இருவரும் ராஜ்மோகன் வீட்டு வாசலுக்குப் பூனைபோல் போனார்கள். பின் டயரில் கை வைத்தாள் நந்தினி. முழுச் சாண் இருந்தது. கட்டங்களும் நெருக்கமாக, தார் ரோட்டுக்கு ஏற்ற மாதிரி இருந்தன.

"சேரலியே," என்றாள் அபி.

"டயர மாத்தியிருப்பாரு."

"தெனமுமா?"

கதவு திறந்தது. ராஜ்மோகன் எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, காத்து கம்மியா இருக்கா?"

இருவரும் அவரவர் வீட்டுக்கு எடுத்தார்கள் ஓட்டம்.

வீட்டு வாசலில் சித்தப்பாவின் வண்டி நின்றது. மனசே இல்லாமல் அளந்தாள் நந்தினி. சாணுக்கு இரண்டு விரல் குறைவு. டயர் கட்டங்களுக்கு நடுவே ஒரு தக்காளி இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும், யாருக்கும் தெரியாது.

இலையைப் பிய்த்து எடுத்தாள். நேராக அபி வீட்டுக்குப் போய் நீட்டினாள். "எங்க சித்தப்பாதான்."

இருவரும் போய்க் கேட்டதும் சித்தப்பா தலையைச் சொறிந்தார். "மூணு நாளா மொத ஷிப்டுக்கு லேட்டாயிடுச்சி. குறுக்க பூந்து போய்க்கினு இருந்தேன். இருட்டுல செடி கண்ணுல படல. இனிமே ரோட்டு வழியாவே போறேன்."

ராஜ்மோகனிடம் நந்தினியே போய்ச் சொன்னாள். "உங்கள சந்தேகப்பட்டுட்டோம் அங்கிள். தப்புதான்."

"அதான் டயரத் தடவிப் பாத்தீங்களா?" அவர் சிரித்தது தெருவுக்கே கேட்டது. "நாத்து எங்க கெடைக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை அவருடைய தகரப் பெட்டிகளில் கம்மாபுரத்திலிருந்து புது நாற்றுகள் வந்தன. குழி தோண்டியது சித்தப்பா. இனி அந்தப் பக்கம் வண்டியை விடுவதில்லை என்று சத்தியமே செய்து கொடுத்தார்.

இருந்தாலும் மறுநாள் காலை, பாத்தி மண்ணில் தடம் உண்டா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் நந்தினி பள்ளிக்கூடம் போனாள்.