கம்பி இல்லாத ஸ்விட்ச்

மார்ச் ஒன்பது, செவ்வாய். இன்று ஒரு தவறு நடந்தது. மெயினை அணைக்காமல் ஸ்விட்சைக் கழற்றினாள். அதுவும் மாஸ்டர் சொன்ன அடுப்படி ஸ்விட்சை அல்ல, தன் அறையில் இருப்பதை. தவறு அவளுடையதுதான். ஷாக் அடிக்கவில்லை.

வேலைக் குறிப்பில் 'நான்' என்று எழுதக்கூடாது என்பது மாலை வகுப்பில் வயரிங் சொல்லித்தரும் மாஸ்டரின் கண்டிப்பு. வேறு யாரோ ஒருத்தி செய்ததுபோல எழுதினால்தான் தப்பு எங்கே என்று கண்ணில் படுமாம். அவள் சொன்னபடி செய்கிறவள். செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவளும்கூட.

மாஸ்டர் மத்தியானமே போன் செய்திருந்தார். "காய்ச்சல்மா, இன்னிக்கு கிளாஸ் இல்ல. வீட்டுல ஒரு ஸ்விட்சைக் கழட்டி, பின்னாடி கம்பி எப்படி வருதுன்னு படம் போட்டு வை. அடுப்படியில இருக்கறது போதும். உன் ரூம்ல எல்லாம் கை வைக்காத."

வீட்டுக்கு வந்தபோது வாசல் வரை வெங்காயம் வதங்கும் வாசனை. உள்ளே கரண்டி வாணலியில் இரண்டு முறை தட்டியது, மூடி ஒன்று நழுவி விழுந்தது, அக்கா "ச்சே" என்றாள்.

"அக்கா, வந்துட்டேன்."

"வந்துட்டியா குட்டி? மேல போ, ஆனதும் கூப்பிடறேன்."

தினமும் இதே பேச்சுதான். சமைக்கிறவளை ஏன் தொந்தரவு செய்வது என்று படியேறிவிட்டாள். தன் அறைக்குள் போய், வழக்கம்போல் தாழ்ப்பாளைத் தள்ளினாள். டக். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தோள் இறங்கும். நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதைச் செய்துவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு 'டக்' சொந்தம்.

பகலில் அவளுக்கு ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் குளிர்சாதன வேலை. அங்கே ஒவ்வொரு மேஜைக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு திருகு குமிழ் உண்டு. குளிர் அதிகம் என்றால் இடப்பக்கம், புழுக்கம் என்றால் வலப்பக்கம். அந்தக் குமிழ்களுக்குப் பின்னால் எதுவும் கிடையாது. ஒரு ஸ்ப்ரிங்கும், காற்று வருவதுபோல் 'உஸ்' என்று ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கரும் மட்டும்தான். அதை மாட்டிய பிறகு புகார்கள் நின்றுவிட்டன. முதல் நாள் அவள் தயங்கியபோது சூப்பர்வைசர், வெள்ளை பெயின்ட் சிந்திய தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"காத்து வேணும்னா கேட்டாங்க தங்கச்சி? திருப்பறதுக்கு ஒண்ணு கேட்டாங்க. குடுத்தாச்சு."

"தெரிஞ்சா என்னண்ணே பண்ணுவாங்க?"

"யாராவது ஒருத்தராவது கழட்டிப் பாத்திருக்காங்களா?"

அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். நீலப் பொட்டு வைத்த அந்த ஸ்ப்ரிங்குகளைச் சூப்பர்வைசர்தான் தன் கையாலேயே செய்வார். கடையில் கிடைக்காது.

அறையில் ஸ்விட்சைப் போட்டாள். எப்போதும்போல் ஒரு கண் சிமிட்டல் கழித்து பல்பு எரிந்தது. பழைய வீடு, எல்லாம் கொஞ்சம் மெதுவாத்தான் வரும் என்று அக்கா சொல்வாள். அடுப்படியில் அக்கா இருக்கிறாள், இங்கேயே கழற்றிவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். திருகிக்கொண்டிருந்தபோது மனம் வேறெங்கோ இருந்தது. வெளியூரில் ஒரு பெரிய குளிர்கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். முன்பும் இப்படி வாய்ப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "உன் இஷ்டம் குட்டி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." ஒவ்வொரு முறையும் அவள் தானே யோசித்து, தானே போகவில்லை என்றாள். இந்த முறை போவதென்று முடிவு செய்துவிட்டாள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நினைப்பில்தான் மெயினை மறந்தாள்.

இரண்டாவது ஸ்க்ரூவும் கையில் வந்து விழுந்தபோதுதான் உறைத்தது. விரல் நுனிகள் ஏற்கெனவே பித்தளையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அடிக்கப்போகும் ஷாக்குக்காக உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் ஊர்ந்த பல்லியின் வாலைப் பார்த்தபடி நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மெதுவாக இழுத்தாள். ஸ்விட்ச் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. பின்னால் கம்பி இல்லை. கம்பி வரும் குழாய் இல்லை, ஓட்டைகூட இல்லை. வழுவழுவென்று பூசி, அறையின் அதே பச்சையில் வண்ணம் அடித்த சுவர்தான் இருந்தது.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

தனக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். இன்னும் பாடம் முடியவில்லையே. இது ஏதோ புது வகையாக இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த ஸ்விட்சை மடியில் வைத்து அழுத்தினாள். டிக். ஒரு கண் சிமிட்டல். இருட்டு.

மறுபடியும் அழுத்தினாள். டிக். வெளிச்சம்.

பின்மூடியைத் திறந்தாள். ஒரு பித்தளைத் தகடு. ஒரு ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங்கின் மேல் நீலப் பொட்டு.

மேசைமேல் வைத்துவிட்டு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கீழே கரண்டி இரண்டு முறை தட்டியது. மூடி நழுவி விழுந்தது. "ச்சே."

பதற்றப்படக் கூடாது, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்வார். ஸ்விட்சைத் துண்டில் நன்றாகச் சுற்றி, தலையணைக்கு அடியில் வைத்து அழுத்தினாள். விரலுக்கு அது அமுங்கியது தெரிந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

பல்பு அணையவில்லை.

மறுபடி அழுத்தினாள். அணையவில்லை.

துண்டைப் பிரிக்காமல், ஸ்விட்சைத் தொடாமல், பல்பைப் பார்த்துக்கொண்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினாள்.

இருட்டு.

அந்த இருட்டில் அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் விளக்கைப் போட்டது அவள் அல்ல. அவள் ஒரு சத்தம் எழுப்பியிருக்கிறாள். எங்கேயோ ஒருவர் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடாமல், எழுந்து போகாமல், அவளுடைய ஒரு 'டிக்'குக்காக. கேட்டதும் போட்டிருக்கிறார். அந்தக் கண் சிமிட்டல் வீட்டின் பழமை இல்லை. ஒரு கை நகர ஆகும் நேரம்.

கீழே கரண்டி இரண்டு முறை தட்டியது. மூடி நழுவியது. "ச்சே."

அவள் தலையைத் திருப்பினாள்.

கரண்டி. கரண்டி. மூடி. "ச்சே."

அதே இடைவெளி. அதே அலுப்பு. அந்த 'ச்சே'யின் கடைசியில் அக்கா மூச்சை உள்ளிழுப்பதுகூட அப்படியே. அதற்கு அடியில், மெலிதாக, அவள் நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய ஓர் 'உஸ்'. சின்ன ஸ்பீக்கரின் 'உஸ்'.

'மேல போ, ஆனதும் கூப்பிடறேன்' என்று சொன்ன அக்காவின் முகத்தை அவள் இன்று பார்க்கவில்லை. நேற்று? வாசலிலிருந்து குரலைக் கேட்டாள். முந்தாநாள்? குரலைத்தான்.

எழுந்தாள். வெறுங்காலோடு கதவிடம் போனாள். தாழ்ப்பாளை விரலால் தடவிப் பார்த்தாள். தண்டு முழுதாகத் தள்ளியிருந்தது. ஆனால் அதன் நுனி நிலையைத் தொடவே இல்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவிலிருந்த இடுக்கில், மேலிருந்து கீழ் வரை, நடைவழி வெளிச்சம் ஒரே கோடாக இறங்கியது. தண்டு இருக்க வேண்டிய இடத்திலும்.

அப்படியென்றால் கதவு பூட்டியிருக்கவில்லை.

பிடியைப் பற்றி இழுத்தாள்.

வரவில்லை. ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கதவு நூலளவு நகர்ந்தது. பிறகு, மெதுவாக, பதற்றமே இல்லாமல், அந்தப் பக்கம் திரும்பிப் போனது.

மரம் அப்படி இழுக்காது.

தரையில் படுத்தாள். கன்னம் சில்லென்ற தரையில். கதவின் அடியிடுக்கில் கண்ணை வைத்தாள்.

கால்கள்.

முதலில் அக்காவின் கால்கள். இடது சுண்டுவிரலில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பு. குதிகால்கள் அழுந்தி, ஒருவர் எதையோ பலமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நிற்கும் விதம். அவற்றுக்குப் பின்னால் பூட்ஸ். நுனியில் வெள்ளை பெயின்ட். பக்கத்தில், அறுந்த வாரைச் செம்புக்கம்பியால் தைத்த செருப்பு. வகுப்பில் எத்தனை முறை அதைக் கேலி செய்திருக்கிறார்கள். காய்ச்சல்காரர். அதற்கும் பின்னால் இன்னும் கால்கள். படி வரை. எல்லாம் இந்தப் பக்கம் பார்த்து.

யாரும் அசையவில்லை.

கிசுகிசுப்பாக மாஸ்டரின் குரல்: "கழட்டிட்டாளா?"

"கழட்டுவா, பார்ப்பா, திரும்ப மாட்டிடுவா," என்றாள் அக்கா. அன்பான குரல். அவளுக்குத் தலை வாரிவிட்ட குரல். "போன தடவையும் அப்படித்தான். அவ எப்பவும் நல்லா யோசிச்சுதான் பண்ணுவா. நாம ஒண்ணும் சொல்லக் கூடாது."

"ஊருக்குப் போறேன்னு முடிவு பண்ணிட்டாளே," என்றார் சூப்பர்வைசர்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரிடமும்.

"அது அவ இஷ்டம்," என்றாள் அக்கா. பூட்ஸ்களுக்குப் பின்னால் யாரோ சிலர் அடக்கிச் சிரித்தார்கள்.

போன தடவை. எது போன தடவை? எழுந்து கட்டிலுக்குப் போனாள். இருட்டில் தலையணைக்கு அடியிலிருந்த துண்டைப் பிரித்து ஸ்விட்சைத் தடவி எடுத்தாள். விரல் ஸ்க்ரூ துளையில் பட்டது. துளையின் ஓரம் தேய்ந்திருந்தது. பலமுறை கழற்றி மாட்டிய துளை.

வெளியே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள்.

எழுத வெளிச்சம் வேண்டும்.

நாக்கைச் சொடுக்கினாள்.

ஒரு கண் சிமிட்டல். விளக்கு எரிந்தது.

நாளைக்குச் செய்ய வேண்டியது: மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்சைப் பழைய இடத்தில் மாட்டுவது. வெளியூர் வேலைக்கு வரவில்லை என்று காலையிலேயே சொல்லிவிடுவது. முடிவு அவளுடையதுதான்.